சிரிப்பும் மௌனமும் நியாயமும்: ‘ஃபனி போய்’ நாவலில் அன்றாட அவமதிப்பின் சித்திரிப்பு

ஈழத்துத் தமிழர் வாழ்வைப் பொருளாகக் கொண்டு ஆங்கிலத்தில் எழுந்த நாவல்களுள் ஷியாம் செல்வதுரையின் ‘ஃபனி போய்’ தனியிடம் பெறுவது. 1994ஆம் ஆண்டில் வெளிவந்த இந்நூல் கனடாவில் சிறந்த முதல் நாவலுக்கான பரிசையும், ஐக்கிய அமெரிக்காவின் லாம்டா இலக்கிய விருதையும் பெற்றது. 1983ஆம் ஆண்டின் ஆடிக் கலவரத்தைச் சித்திரிக்கும் நூல் என்ற வகையில் தமிழ் வாசகரும் அதனை அறிவர். ஆயின் இவ்வாறு அறியப்பட்டமையே நூலின் ஒரு பாதியை மறைத்து விடவும் கூடும். ஆறு பகுதிகளைக் கொண்ட இந்நாவலில் கலவரம் நேர்முகமாக இடம்பெறுவது இறுதிப் பகுதியிலேயாகும். அதற்கு முன்னைய பகுதிகளில் வீடு, விளையாட்டு, உறவினர் கூட்டம், ஹோட்டல், பாடசாலை ஆகிய அன்றாடக் களங்களில் ஒரு சிறுவன் மீது சிறிது சிறிதாகச் சுமத்தப்படும் இழிவு சித்திரிக்கப்படுகின்றது. அவ்விழிவுக்குக் காரணம் அவன் தமிழன் என்பது மட்டுமன்று. அவன் மற்றைய ஆண்பிள்ளைகளைப் போன்றவன் அல்லன் என்பதுமாகும்.

ஒருபாலீர்ப்பாளர் மீதான வெறுப்பு என்றதும் பலர் மனத்தில் தோன்றுவன பொலிஸ், நீதிமன்றம், வீதித் தாக்குதல் முதலியனவே. இந்நாவலின் சிறப்பு, அவ்வெறுப்பு இவை எவற்றினதும் துணையின்றி, அன்புள்ள ஒரு குடும்பத்தினுள்ளேயே, பெரும்பாலும் சிரித்த முகத்தோடு, எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதைக் காட்டியமையாகும். அது தொழிற்படும் முறையினையும், அதனை ஆசிரியர் கலையாக்கிய திறத்தினையும், அச்சித்திரிப்பின் எல்லைகளையும், அது தமிழ் விமர்சனத்தின்முன் வைக்கும் வினாவினையும் இங்கு நோக்குதல் பொருந்தும்.

ஒரு சொல்லின் வேலை

நாவலின் தலைப்பிலுள்ள ஆங்கிலச் சொல்லுக்கு ‘வேடிக்கையான’ என்பது ஒரு பொருள். ‘இயல்புக்கு மாறான’ என்பது மற்றொரு பொருள். இவ்விரு பொருள்களுக்கும் இடைப்பட்ட வெளியிலேயே முதற்பகுதியின் நிகழ்ச்சிகள் அனைத்தும் நடைபெறுகின்றன. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகள் யாவரும் பாட்டன் பாட்டியின் வீட்டில் விடப்படுவர். வீட்டின் முற்புறமும் அதனை அடுத்த வெளியும் கிரிக்கெட் ஆடும் பையன்களின் ஆட்சிக்குரியவை. பின்வளவு சிறுமியரின் உலகு. ஆர்ஜி என்னும் சிறுவன் இந்த இரண்டாம் உலகிற்குரியவன். உரியவன் மாத்திரமல்லன், அதன் தலைவனும் அவனே. கலியாண விளையாட்டில் மணப்பெண் வேடம் அவனுடையது. அவ்வேடத்தை அவனுக்கு எவரும் இரங்கி அளிக்கவில்லை. கற்பனையிலும் ஒழுங்கமைப்பிலும் அவன் மற்றையோரை விஞ்சியமையால் அது அவனுக்கு உரித்தாயிற்று.

இவ்வுலகு குலைவது ஒரு சிறுமியின் பொறாமையினால். வெளிநாட்டிலிருந்து வந்த தனுஜா, மணமகனாக நடிக்க விரும்பாது மணப்பெண்ணாக விரும்புகின்றாள். தன் எண்ணம் ஈடேறாதபோது அவள் ஆர்ஜியை நோக்கிச் சில வசைச்சொற்களை வீசுகின்றாள். அங்கு நின்ற சிறுவர்க்கு அச்சொற்களின் பொருள் விளங்குவதில்லை. இழிவு வந்து சேர்ந்துவிட்டது. அதன் பொருளோ இன்னும் வரவில்லை. வெறுப்பு முதலில் ஒரு கருத்தாகப் பிறந்து பின்னர் சொல்லாக வெளிப்படுவதில்லை என்பதும், ஆயத்தமாகக் கிடக்கும் சொல்லொன்றைக் குழந்தையும் எடுத்து எறியலாம் என்பதும் இவ்விடத்து உணர்த்தப்படுகின்றன.

பின்னர் அவனது பெரிய உறவினர் வாயிலிருந்து நாவலின் தலைப்புச் சொல் வெளிவருகின்றது. சேலையும் ஒப்பனையும் அணிந்த கோலத்தில் அவனைக் காந்தி அன்ரி பிடித்திழுத்து வந்து, பெரியோர் கூடியிருந்த மண்டபத்தில் நிறுத்துகிறார். சிரில் என்னும் மாமன் அவனது தந்தையைப் பார்த்து அச்சொல்லை வேடிக்கையாகக் கூறுகின்றார். கூடியிருந்தோர் நகைக்கின்றனர். தந்தை நகைக்கவில்லை. ஒரே சொல், கூறியவருக்குப் பகிடி, தந்தைக்கு மானக்கேடு, சிறுவனுக்கோ புதிர். அச்சொல்லின் பொருளை அவன் ஊகிக்க முயல்கின்றான். அது தன்னைப் பற்றியது என்பதும் நல்லதன்று என்பதும் மட்டுமே அவனுக்குப் புலனாகின்றன.

ஈழத்துப் பேச்சுத்தமிழில் இச்சொல்லுக்கு நேரான வழக்கொன்று உண்டு. ‘அவன் ஒரு மாதிரி’ என்பதே அது. எந்த மாதிரி என்பது சொல்லப்படுவதில்லை. சொல்லப்படாமையே அத்தொடரின் வலிமை. கேட்பவர் தாமே நிரப்பிக்கொள்ள வேண்டிய வெற்றிடமொன்றை அது விட்டுவைக்கின்றது. கூறியவர் மறுநாள் தாம் ஒன்றும் கூறவில்லை எனவும் சாதிக்கலாம். குற்றச்சாட்டு வெளிப்படையாயின் மறுக்கலாம். வசை வெளிப்படையாயின் சினக்கலாம். ‘ஒரு மாதிரி’ என்பதற்கு மறுமொழி இல்லை. அன்றாட அவமதிப்பு பெரும்பாலும் இத்தகைய மறுமொழியற்ற சொற்களாலேயே நடைபெறுகின்றது.

அலரும் இற்செறிப்பும்

பழந்தமிழ் அகமரபு இத்தகைய அனுபவத்தின் சமூக இயக்கத்தைக் குறிக்கும் கலைச்சொற்களை ஏற்கெனவே உருவாக்கி வைத்துள்ளது. சிலர் தம்முள் முணுமுணுப்பது அம்பல். அது விரிந்து ஊரறியப் பேசப்படுவது அலர். அலர் எழுந்தபின் தலைவி வீட்டுக்குள் காவலில் வைக்கப்படுவது இற்செறிப்பு. ஆண் பெண் காதலைப் பற்றி வகுக்கப்பட்ட இச்சொற்களை வேறொரு காலத்து வேறொரு விருப்பத்திற்கு அப்படியே பொருத்துதல் ஆகாது. எனினும் பேச்சினாற் கட்டுப்படுத்தும் சமூகத்தின் பொறிமுறையை விளக்க அவை பயன்படும்.

ஆர்ஜியின் வீட்டில் அம்பல் அலராக மாறுவதற்கு ஒரு பிற்பகல் போதுமானதாகின்றது. அதன் பின்னர் நிகழ்வது ஒருவகைத் தலைகீழ் இற்செறிப்பு. தலைவி வெளியிலிருந்து வீட்டுக்குள் தள்ளப்படுகின்றாள். ஆர்ஜியோ வீட்டின் அகப்புறத்திலிருந்து வெளியே கிரிக்கெட் ஆடுகளத்திற்குத் துரத்தப்படுகின்றான். தாய் சேலை உடுத்து நகை அணிவதை அருகிருந்து பார்ப்பது அவனுக்குப் பெருமகிழ்ச்சியாக இருந்தது. அவ்வறைக் கதவும் இப்போது சாத்தப்படுகின்றது. சாத்துபவள் தாயே. ஏன் என்று கேட்கும் மகனுக்கு அவள் காரணம் கூறுவதில்லை; வானத்தின் உயரத்தையும் பன்றி பறக்க இயலாமையையும் இணைக்கும் ஆங்கிலச் சிறுவர் வாய்பாடொன்றையே விடையாகக் கூறுகின்றாள். அப்பகுதியின் தலைப்பும் அதிலிருந்தே எடுக்கப்பட்டது. அவள் கொடியவள் அல்லள். தன்னிடம் காரணம் இல்லை என்பதை அவள் உள்ளூர அறிவாள். கணவன் பழியைத் தன்மீது சுமத்தியிருக்கின்றான் என்பதும், மகன் மாறாவிடில் அப்பழி தொடரும் என்பதுமே அவளைச் செலுத்துகின்றன. ஒரு விதியில் நம்பிக்கையற்றவரே அவ்விதியை நடைமுறைப்படுத்தும் அவலத்தை ஆசிரியர் இத்தாயின் வாயிலாக நுட்பமாகக் காட்டுகின்றார்.

அகமரபில் அறத்தொடு நிற்றல் என்றொரு துறையும் உண்டு. தலைவியின் காதலைத் தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையர்க்கும் முறையே எடுத்துரைப்பர். உள்ளத்தின் உண்மை ஒருவர் பின் ஒருவராக வெளியே கொண்டு செல்லப்பட்டு, ஏற்புடைமை பெறுகின்றது. இந்நாவலில் அத்தொடர் எதிர்த்திசையில் இயங்குகின்றது. அன்ரி கண்டதை மாமன் பகிடியாக்குகின்றார். மாமனின் பகிடி தந்தையின் சினமாகின்றது. தந்தையின் சினம் தாயின் தடையாகின்றது. தாயின் தடை மகனின் தனிமையாகின்றது. உண்மை உள்ளிருந்து வெளியே செல்வதற்குப் பதிலாக இழிவு வெளியிலிருந்து உள்ளே வருகின்றது. முதற்பகுதியின் முடிவில் ஆர்ஜி கடற்கரையில் தனித்திருக்கும்போது, சிறுமியரின் உலகமும் பையன்களின் உலகமும் இனித் தனக்குரியவையல்ல என உணர்கின்றான். அவனுக்காக அறத்தொடு நிற்பார் எவருமிலர்.

தந்தையின் இரு அளவுகோல்கள்

தந்தையின் பாத்திரம் எளிய கொடுங்கோலனின் பாத்திரமன்று. தன் பிள்ளைகள் பெரும்பான்மையினரின் நாட்டில் இடர்ப்படாது வாழவேண்டும் என்பதற்காக அவர்களைச் சிங்கள மொழிமூலம் கற்க வைத்தவர் அவர். மகன் ‘ஒரு மாதிரி’ ஆகிவிடக்கூடாது என்ற அச்சமும் அவர் கருத்தில் அதே வகையான பாதுகாப்பே. பிறர் கண்ணிற் படாதிருத்தலே பிழைக்கும் வழி என்பது அவரது வாழ்க்கைத் தத்துவம். சிறுபான்மையினராக வாழ்ந்து கற்ற பாடத்தைத் தன் குடும்பத்தினுள்ளிருக்கும் மற்றொரு சிறுபான்மை மீது அவர் பிரயோகிக்கின்றார்.

இப்பாத்திரத்தின் உள்முரண் நான்காம் பகுதியில் வெளிப்படுகின்றது. பழைய நண்பரின் மகனான ஜெகனிடம் தன் மகனின் போக்குப் பற்றித் தந்தை கவலை தெரிவிக்கின்றார். ஜெகனோ ஆர்ஜியிடம் தவறெதையும் தான் காணவில்லை என்கிறான். அதுவரை எவரும் ஆர்ஜியின் சார்பில் அவ்வாறு வெளிப்படையாகப் பேசியதில்லை. அச்சிறு மறுமொழி ஆர்ஜியின் உள்ளத்தில் ஏற்படுத்தும் நிறைவு, நீண்ட காலம் வசையையே கேட்டவன் ஒரு நடுநிலைச் சொல்லுக்கே எத்துணை ஏங்குவான் என்பதை உணர்த்துகின்றது. அதே பகுதியில், தந்தையின் கடற்கரை ஹோட்டலில் தங்கும் வெளிநாட்டு ஆடவர் கிராமத்துச் சிறுவரை அழைத்துச் செல்வதும் காட்டப்படுகின்றது. தந்தை அதனை அறிவார். உல்லாசப் பயணத் தொழில் அப்படித்தான் என்று அமைதி காண்கின்றார். வறிய சிறுவர் மீதான சுரண்டல் அவருக்கு வியாபாரத்தின் ஒரு கூறு. தன் மகன் சேலை உடுத்தமை குடும்பத்தின் மானப்பிரச்சினை. ஒழுக்கம் எனப் பேசப்படுவது உண்மையில் ஒழுக்கத்தைப் பற்றியதன்று, வெளித்தோற்றத்தைப் பற்றியது என்பதை இவ்விரு காட்சிகளையும் ஒரே பகுதியில் வைத்ததன் மூலம், விளக்கவுரை ஏதுமின்றியே ஆசிரியர் புலப்படுத்துகின்றார். சுரண்டலையும் ஒத்த விருப்பத்தையும் ஒன்றாகக் குழப்பும் பொதுப்புத்திக்கு இது தகுந்த மறுமொழியுமாகும்.

பாடசாலையும் நியாயமும்

ஆர்ஜியை ‘ஆண்பிள்ளை’ ஆக்குவதற்கெனத் தந்தை தேர்ந்தெடுக்கும் பாடசாலை ஐந்தாம் பகுதியின் களம். குடியேற்றக் கால ஆங்கிலப் பாடசாலையின் வார்ப்பில் அமைந்தது அது. விளையாட்டு, பிரம்பு, ஆட்சிக்கால ஆங்கிலச் செய்யுள் ஆகியவற்றால் ஆண்மையை வார்த்தெடுப்பது அதன் நோக்கம். அதிபர், ஷெஹான் என்னும் சிங்கள மாணவனின் நீண்ட தலைமயிரைத் தம் கையாலேயே வெட்டி அவனை அவமானப்படுத்துகின்றார். இந்த ஷெஹானுக்கும் ஆர்ஜிக்கும் இடையிலேயே அன்பு அரும்புகின்றது.

அன்பின் முதல் உடலனுபவம் ஆர்ஜிக்கு மகிழ்ச்சியைத் தரவில்லை. அருவருப்பையும் குற்றவுணர்வையுமே தருகின்றது. தந்தை தன்னை எதிலிருந்து காக்க முயன்றார் என்பது இப்போது விளங்குவதாக அவன் எண்ணுகின்றான். இது நாவலின் மிக உண்மையான இடங்களுள் ஒன்று. இத்தனை ஆண்டுக்காலச் சிரிப்பும் மௌனமும் வீண்போகவில்லை. அவை அவனுள்ளேயே குடிகொண்டு அவன் குரலிலேயே அவனைக் கண்டிக்கின்றன. பிறர் அவமதிப்பினும் கொடியது அதனை ஒருவன் தன் தீர்ப்பாக ஏற்றுக்கொள்வது.

அவ்வேற்பு உடைவது சிந்தனையின் வழியாக. ஷெஹான் தொடர்ந்து தண்டிக்கப்படுவதைக் காணும் ஆர்ஜி, எது சரி எது பிழை என்பதைத் தீர்மானிப்போர் யார் என வினவத் தலைப்படுகின்றான். வலிமை பெற்றோரே அதனைத் தீர்மானிக்கின்றனர். அதிபரும் தந்தையும் அத்தகையோர். தானும் ஷெஹானும் அல்லர். இவ்வுணர்வு தோன்றிய பின்னர் குற்றவுணர்வு தன் பிடியை இழக்கின்றது.

ஆனால் செல்வதுரை இவ்விடத்தில் வாசகருக்கு எளிய வெற்றியை அளிக்கவில்லை. சிங்களவரான அதிபர் பாடசாலையின் பல்லினத் தன்மையைப் பேண விரும்புபவர்; உப அதிபர் அதனைப் பௌத்த பாடசாலையாக்க விழைபவர். பரிசளிப்பு விழாவில் ஆர்ஜி இரண்டு ஆங்கிலச் செய்யுள்களைப் பிழையின்றி ஒப்புவித்தால், அவற்றை அடியாகக் கொண்ட அதிபரின் உரை எடுபடும். அவரது நிலை வலுப்பெறும். தமிழ் மாணவரின் நலன் அதில் தங்கியுள்ளது எனத் தமிழராகிய ஆசிரியர் ஒருவர் ஆர்ஜிக்கு உணர்த்துகின்றார். ஒருபுறம் தன் இனத்தின் நலன். மறுபுறம் தான் நேசிக்கும் ஒருவன் மீதான கொடுமை. ஆர்ஜி வேண்டுமென்றே செய்யுள்களைக் குழறிச் சிதைக்கின்றான்.

இச்செயலை இனத்துரோகம் எனக் கொள்வதும், தனிமனித விடுதலை என ஆரவாரிப்பதும் ஒருசேரத் தவறாகும். நாவல் இரண்டையும் செய்யவில்லை. ‘நம்மவர்’ என்ற காரணத்தினால் ஒருவரது கொடுமையைப் பொறுத்துக்கொள்ளுமாறு பாதிக்கப்பட்டவனிடமே கேட்பது நியாயமா என்பதே அது எழுப்பும் வினா. கூட்டு நலனின் பேரால் வாய்மூடியிருக்கக் கேட்கப்படுபவர் எப்பொழுதும் கூட்டத்தில் மிகவும் பலம் குன்றியவரே என்பதை அக்காட்சி மனங்கொள்ள வைக்கின்றது.

மூன்று காதல்கள், ஒரு வேலி

நாவலின் கட்டமைப்பும் இவ்வினாவுக்கு அரண் செய்கின்றது. இரண்டாம் பகுதியில் ராதா என்னும் தமிழ்ப்பெண்ணுக்கும் அனில் என்னும் சிங்கள இளைஞனுக்கும் இடையிலான நேசம், 1958ஆம் ஆண்டுக் கலவரத்தின் வடுவைச் சுமக்கும் குடும்பத்தினால் தடுக்கப்படுகின்றது. மூன்றாம் பகுதியில் தாய்க்கும் பறங்கிய இனத்தவரான டெரிலுக்கும் இடையே முன்னொரு காலத்தில் முறிந்துபோன உறவு மீண்டும் தளிர்த்து, அவரது மரணத்தோடு முடிகின்றது. ஐந்தாம் பகுதியில் ஆர்ஜியும் ஷெஹானும். மூன்று காதல்களுக்கும் குறுக்கே நிற்பது ‘எவர் எவரை விரும்பலாம்’ என வகுக்கும் ஒரே வேலி. இனத்தூய்மையைக் காக்கும் கையே ஆண் பெண் ஒழுங்கையும் காக்கின்றது. இத்தொடர்பை நிகழ்ச்சிகளின் அடுக்கினாலேயே உணர்த்தியமை இந்நாவலின் தலையாய சாதனை எனலாம். இதனாலேயே இறுதிப் பகுதியின் கலவரம் முன்னைய பகுதிகளோடு ஒட்டாத வரலாற்றுப் பின்னிணைப்பாக நின்றுவிடாது, அவற்றின் பேருருவாகத் தோன்றுகின்றது. வீடு எரிந்த பின்னர் ஷெஹானைச் சந்திக்கும் ஆர்ஜி, அவன் சிங்களவன் என்பதை முதன்முறையாக ஓர் இடைத்திரை போல உணர்வது, ஒரு வேலியைக் கடந்தோரையும் மற்றைய வேலி பிரித்துவிடும் என்பதைக் காட்டும் துயரக் காட்சியாகும்.

இரண்டு ஆட்சேபங்கள்

இத்தகைய நூல்கள் குறித்து இரண்டு ஆட்சேபங்கள் எழுதல் கூடும். முதலாவது, இது மேனாட்டு இறக்குமதி, நம் பண்பாட்டுக்கு அயலானது என்பது. வரலாறு இதற்கு மாறானது. இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டில் பிரித்தானிய ஆட்சியினரால் ஆக்கப்பட்டது. ஒரே பாலினரிடையேயான உறவைத் தண்டிக்கும் 365, 365அ ஆகிய பிரிவுகள் அக்கோவைக்கு உரியவை. அவ்வாட்சியாளர் தம் சொந்த நாடாகிய இங்கிலாந்தில் வயதுவந்த ஆண்களின் தனிமையான, ஒத்த விருப்புடைய உறவைக் குற்றமல்லவென 1967இல் ஆக்கிக்கொண்டனர். இலங்கையிலோ இந்நாவல் வெளிவந்ததற்கு அடுத்த ஆண்டாகிய 1995இல், 365அ பிரிவு நீக்கப்படுவதற்குப் பதிலாக, ஆண்களை மாத்திரம் குறித்த அதன் வாசகம் பெண்களையும் உள்ளடக்குமாறு திருத்தப்பட்டது. இந்திய உயர் நீதிமன்றம் 2018 செப்டெம்பரில் அந்நாட்டின் 377ஆம் பிரிவை ஒத்த விருப்புடைய வயதுவந்தோர் விடயத்தில் செல்லுபடியற்றதாக்கியது. இலங்கையில் இப்பிரிவுகளைத் திருத்தும் நோக்குடன் 2023இல் முன்வைக்கப்பட்ட தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என உயர் நீதிமன்றம் அவ்வாண்டிலேயே தீர்மானித்தது. எனினும் 2024இல் அப்பாராளுமன்றம் கலைக்கப்படும் வரை அது சட்டமாகவில்லை. ஆகவே அயலவரிடமிருந்து பெறப்பட்டது விருப்பமன்று, அதனைத் தண்டிக்கும் சட்டமே. ஆர்ஜியின் பாடசாலையில் ஆங்கிலப் பேரரசின் செய்யுளே ஆண்மையின் அளவுகோலாக நிற்பது இவ்வகையிற் பொருள் பொதிந்ததாகும்.

இரண்டாவது ஆட்சேபம் கனதியானது. ஓர் இனம் உயிர்வாழ்வுக்காகப் போராடும் காலத்தில் ஒருவரது அந்தரங்க விருப்பம் இலக்கியத்தின் மையப்பொருளாதல் தகுமா என்பது அது. ஈழத்துத் தமிழ் இலக்கிய வரலாறு இதனையொத்த வாதங்களை ஏற்கெனவே சந்தித்துள்ளது. ஒடுக்கப்பட்ட மக்களின் வாழ்வும் மொழியும் இலக்கியத்தில் இடம்பெற்றபோது அதனை இழிசனர் இலக்கியம் எனத் தூற்றியோர் 1960களில் இருந்தனர். டானியலின் ‘பஞ்சமர்’ 1972இல் வெளிவந்தபின், சாதிக் கொடுமை இலக்கியப் பொருளாகுமா என்ற வினா அர்த்தமிழந்தது. 1986இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த ‘சொல்லாத சேதிகள்’ தொகுப்பின் பின்னர், வீட்டுக்குள் பெண் படும் துயரம் தனிப்பட்ட விடயம் எனத் தள்ளிவிடுதல் இயலாதாயிற்று. ஒவ்வொரு தடவையும் ‘இது நேரமல்ல’ எனக் கூறப்பட்டது உண்டு. ஒவ்வொரு தடவையும் விமர்சனத்தின் நேர்மையான பகுதி ‘இதுவும் நம் வாழ்வே’ எனக் கண்டுகொண்டது. ஒடுக்குமுறையை எதிர்க்கும் விமர்சனம் தனக்கு வசதியான ஒடுக்குமுறைகளை மட்டும் தெரிந்தெடுத்தல் அதன் அடிப்படைக்கே முரணாகும்.

சித்திரிப்பின் எல்லைகள்

இவ்வாறு கூறுவதனால் நாவல் குறையற்றது என்றாகாது. முதலாவது, அதன் வர்க்க எல்லை. கொழும்பின் ஆங்கிலம் பேசும் உயர் மத்தியதர வர்க்கக் குடும்பமே அதன் உலகம். ஹோட்டற் கரையில் அழைத்துச் செல்லப்படும் கிராமத்துச் சிறுவருக்குப் பெயரில்லை. அவர்கள் தந்தையின் பொய்மையைக் காட்டும் சான்றுகளாகவே வந்து மறைகின்றனர். யாழ்ப்பாணத்தின் ஒரு கிராமத்திலோ, மலையகத்தின் ஒரு லயத்திலோ பிறந்த ஆர்ஜிக்குத் தனியறையும் கனடாவும் கிட்டியிரா.

இரண்டாவது, சேலை விரும்பும் சிறுவனையும் பின்னர் ஆடவனை விரும்பும் இளைஞனையும் ஒரே நேர்கோட்டில் வைப்பதனால், பெண் சாயலும் ஒருபாலீர்ப்பும் ஒன்றே என்ற பொதுநம்பிக்கைக்கு நாவல் ஓரளவு இடமளிக்கின்றது. நீண்ட தலைமயிரையுடைய ஷெஹானின் சித்திரிப்பும் இதற்கு முழுமையான மாற்றாகவில்லை. மூன்றாவது, பெண்ணைப் பெண் விரும்பும் நிலைக்கு இங்கு இடமில்லை. ஆண்களோடு விளையாடும் மீனா என்னும் சிறுமி மீது எவரது சினமும் பாய்வதில்லை என்பது கூர்மையான அவதானிப்பே. ஆயின் அவ்விழை தொடரப்படவில்லை. நான்காவது, புலம்பெயர்வு என்னும் முடிவு. ஆர்ஜி புறப்படுகின்றான், ஷெஹான் இங்கேயே நிற்கின்றான். இங்கேயே நின்றவனின் கதையை நாவல் சொல்லவில்லை.

செல்வதுரை 1998இல் வெளியிட்ட ‘சினமன் கார்டன்ஸ்’ நாவல் இக்கடைசிக் குறையை ஒருவாறு ஈடுசெய்கின்றது எனலாம். டொனமூர் ஆணைக்குழுவின் காலமாகிய 1920களில் அமைந்த அந்நாவலின் பாலேந்திரன், லண்டனில் தான் நேசித்தவனிடமிருந்து தந்தையினால் பிரிக்கப்பட்டு, திருமணம் செய்து, தந்தையார், கணவன், நல்ல மகன் என்ற கடமைகளுள் வாழ்பவன். அவமதிப்பு அங்கு சிரிப்பாக வருவதில்லை, மரியாதையாக வருகின்றது. ஆர்ஜி இங்கு தங்கியிருந்தால் என்னவாகியிருப்பான் என்ற வினாவுக்குப் பாலேந்திரன் ஒரு விடையாகின்றான். இரு நாவல்களையும் ஒருசேரக் கற்பவர், புறப்பட்டவனும் நின்றவனும் செலுத்திய விலைகளை ஒப்பிட்டுணரலாம்.

இந்நாவலைத் தன்வரலாறாகக் கொள்ளலும் பொருந்தாது. 1965இல் கொழும்பிற் பிறந்து 1983இன் பின் குடும்பத்தோடு கனடா சென்றவர் ஆசிரியர் என்பது உண்மையே. ஆயின் அவரது பெற்றோருள் தந்தை தமிழர், தாய் சிங்களவர். ஆர்ஜியின் பெற்றோர் இருவரும் தமிழர். அனுபவம் இங்கு கலையாக மாற்றப்பட்டுள்ளது. ‘இது அவருடைய சொந்த விடயம்’ எனச் சுருக்கி ஒதுக்குவதும் ஒருவகை மௌனமாக்கலே.

முடிவாக

‘ஃபனி போய்’ நாவலில் ஆர்ஜியை எவரும் அடித்துக் கொல்ல முனைவதில்லை, நீதிமன்றத்திற்கு இழுப்பதுமில்லை. அவனைச் சூழ்ந்தோரிற் பெரும்பாலோர் அவனை நேசிப்பவர்களே. அந்நேசமே அவனைக் காயப்படுத்தும் கருவியாவதுதான் நாவலின் அவலம். ஒரு மாமனின் பகிடி, ஒரு தாயின் சாத்திய கதவு, ஒரு தந்தையின் பாடசாலைத் தெரிவு ஆகிய இவை சேர்ந்தே ஒரு மனிதன் தன்னைத்தான் வெறுக்கக் கற்பிக்கும் முழுமையான பாடத்திட்டமாகின்றன.

இந்நாவலைக் கற்பிக்கும் விரிவுரை மண்டபத்திலும் கற்கும் மாணவர் கூட்டத்திலும் ஆர்ஜிகள் இருத்தல் கூடும். தலைப்பைக் கேட்டவுடன் எழும் சிறு சிரிப்பை அவர்களும் கேட்பர். அச்சிரிப்பில் தாமும் சேர்ந்துகொள்ள நேரிடும். அகமரபின் தோழி செய்த பணி பெரிதன்று. அறிந்த உண்மையை இழிவுபடுத்தாது, உரியவர் முன்னிலையில், உரிய சொல்லால் எடுத்துரைத்தாள்; அவ்வளவே. ஜெகன் கூறிய ஒரு வாக்கியமும் அத்தகையதே. ‘ஒரு மாதிரி’ என்ற சொல்லுக்குப் பதிலாக மனிதரை மனிதராகச் சுட்டும் சொல்லைத் தேடுதல் தமிழ் விமர்சனத்திற்கும் இயலாத செயலன்று. அச்சொல்லை முதலிற் கூறவேண்டிய இடம் வகுப்பறையே.